மாற்றம் காணாத நீர் வாரியம்

ஹெம்மர்வால்ட் நீர் வாரியம் நெதர்லாந்து அரசைவிட வயதில் மூத்தது. இதை யாரும் மறந்துவிடக் கூடாதே என்ற கவலையில் வாசற்கதவுக்கு மேலே கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். காப்பிக் கோப்பைகளில் அச்சடித்திருந்தார்கள். கழிவறையில் கை துடைக்கும் காகிதத்தில்கூட அது இருந்தது. வீப்ரன் ஹாக்ஸ்மா அதில் ஈரக்கையைத் துடைத்து, வரலாற்றைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்ட குற்ற உணர்வோடு வெளியே வந்தார்.

அவர் தரவுத்தளங்களைப் பழுது பார்ப்பவர். சொந்தத் தொழில். கூப்பிட்ட இடத்துக்கு ரயிலில் போவார், இறங்கிய இடத்திலிருந்து மடக்கு சைக்கிளில் போவார். யாரிடம் பேசினாலும் "மன்னிக்கணும்" என்றுதான் தொடங்குவார். வாரியத்தார் பலரையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் அவரைப் பொறுக்கியதற்கு அந்த ஒரு சொல்தான் காரணம் என்று பிற்பாடு தெரிய வந்தது.

வந்த வேலை பார்வைக்குச் சின்னது. வாரியத்தின் நிலமெல்லாம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வாய்க்காலுக்கு வாய்க்கால் ஓர் அளவுமானி நின்று, தண்ணீர் எவ்வளவு என்று தரவுத்தளத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மானிக்கு ஒரு வரிசை. அந்த வரிசைகளில் ஏதாவது மாறுகிறதா என்று ஒரு செயலி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். மாறினால் பம்பை ஓட்டும். கடலைத் தடுக்கும் முதல் கரைக்கு அந்த ஊர்ப் பக்கங்களில் விழிப்பன் என்று பெயர். அதற்குப் பின்னால் இருப்பது தூங்குவான், அதற்கும் பின்னால் கனவு காண்பான். செயலிக்கு விழிப்பன் என்று பெயர் வைத்திருந்தார்கள். வேறு இரண்டு பெயர்கள் கைவசம் இருந்தும் இதையே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

ஒரு வாரமாக விடாத மழை. ஓஸ்டர்ஹோல் என்ற தாழ்நிலத்தில் ஆவ்க்யா என்கிற பால்பண்ணைக்காரியின் மேய்ச்சல் வெளி குளமாகிவிட்டது. பம்பு ஓடவில்லை. விழிப்பனோ "மாற்றம் இல்லை" என்று பச்சை எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆவ்க்யா மாகாண வானொலிக்குத் தொலைபேசியில் பேசி, வாரியத்தை ஒலிபரப்பத் தகுந்த சொற்களாலும் தகாத சொற்களாலும் வர்ணித்திருந்தாள். வானொலிக்காரர்கள் இரண்டையும் ஒலிபரப்பினார்கள்.

முதல் நாள் காலை வீப்ரனைப் பெரிய மண்டபத்துக்கு அழைத்துப் போனார்கள். நான்கு சுவரிலும் பழைய கரைக்கோமான்களின் எண்ணெய் ஓவியங்கள். வாரியத் தலைவருக்குக் கரைக்கோமான் என்பதுதான் இன்றைக்கும் பதவிப் பெயர். இப்போதைய கரைக்கோமான் ரூலோஃப் ஸ்வானென்பர்க், தன் ஓவியத்துக்காக ஒதுக்கப்பட்டிருந்த வெற்றிடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். காப்பி வந்தது. தகர டப்பா வந்தது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பா மூடப்பட்டது. பிறகு எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

வாரியத்தில் எந்தக் கூட்டமும் மட்டம் கூறாமல் தொடங்காது. பதவியில் கடைசியாக இருப்பவர் சுவர்த்திரையைப் பார்த்து வாய்க்காலின் பெயரைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதன் நிலையைச் சொல்ல வேண்டும். கடைசிப் பதவியில் இருந்தவர் ட்யேர்ட். கணினிப் பிரிவைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்பவர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான், சேர்ந்த நாளிலிருந்து கடைசிப் பதவியில்தான் இருக்கிறார்.

"நோர்டர்ஃபார்ட்" என்றார் ட்யேர்ட்.

"மாற்றம் இல்லை" என்றது மண்டபம்.

"ஓஸ்டர்ஹோல்."

"மாற்றம் இல்லை."

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீப்ரனும் மரியாதைக்கு வாயசைத்தார்.

உட்கார்ந்ததும் மாற்ற ஏற்புத் துறைத் தலைவி கொர்னேலீன் ப்லெய் பேசினார். கச்சிதமான பெண்மணி. அவர் சால்வைகூட அனுமதி பெற்றுத்தான் மடிந்திருந்தது போலத் தெரிந்தது. அங்கே ஆணை மெனேர் என்றும் பெண்ணை மெஃப்ராவ் என்றும்தான் மரியாதையாக அழைப்பார்கள்.

"மெனேர் ஹாக்ஸ்மா, ஒண்ணு மொதல்லயே தெளிவா சொல்லிடறேன். எங்க செயலி கோளாறா இல்லையான்னு கண்டுபிடிக்க நாங்க உங்களக் கூப்பிடல. கோளாறு இல்லங்கறதக் கண்டுபிடிக்கத்தான் கூப்பிட்டோம். வியாழக்கிழமை அமைதி நீர் விருதுக்கு நடுவர்கள் வர்றாங்க. அதுக்குள்ள ஒரு சான்று வேணும்."

"மன்னிக்கணும் மெஃப்ராவ், தண்ணி ஏறியிருக்குன்னு அந்தம்மா சொல்றாங்களே?"

"வித்தியாசம் வேற, மாற்றம் வேற. நேத்து இருந்தது இன்னிக்கு வேற மாதிரி இருந்தா அது வித்தியாசம். அது யாருக்கும் நடக்கும். அத நாங்க ஏத்துக்கிட்டாத்தான் மாற்றம்."

வீப்ரனுக்குப் புரியவில்லை. ஆனால் சுற்றியிருந்தவர்கள் இது மிக எளிமையாகச் சொல்லப்பட்டுவிட்டது என்பதுபோல் தலையசைத்ததால் அவரும் அசைத்தார்.

மதியம் அவர் சைக்கிளில் ஓஸ்டர்ஹோலுக்குப் போனார். பாதையே தண்ணீருக்குள் இறங்கிய இடத்தில் ஆவ்க்யா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். தொடை வரை ரப்பர் பூட்ஸ், தலையில் இறந்துபோன கணவரின் மழைத்தொப்பி. ஐம்பது வயதிருக்கும்.

"மெஃப்ராவ் வைபெங்கா? மன்னிக்கணும், நான் வாரியத்துலேருந்து..."

"மெஃப்ராவ் எல்லாம் ஆஃபீஸ்லயே வெச்சுக்க, தம்பி. நான் ஆவ்க்யா. அங்க பாரு."

தண்ணீருக்கு நடுவே ஒரு மேடு. அதன் மேல் அவளுடைய கிடாரிகள் பத்துப் பன்னிரண்டு, ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஒன்றுக்கு வயிறு பெரிதாக இருந்தது.

"முந்தாநேத்து அது பெரிய மேடு. இப்ப பாரு, தாம்பாளம் மாதிரி இருக்கு. அந்தக் கறுப்பி இந்த வாரம் ஈனணும். தண்ணிக்குள்ளயா கன்னு போடும்? ட்ராக்டர் பம்பு வெச்சு எறச்சுப் பாத்தேன். நான் எறைக்க எறைக்க அந்தப் பக்கத்துலேருந்து வந்துக்கிட்டே இருக்கு."

"பம்பு நிலையத்த நீங்களே ஓட்ட முடியாதா?"

"பூட்ட ஒடச்சுப் பாத்தாச்சு. உள்ள ஒரு ஸ்விட்ச்கூடக் கெடையாது. எல்லாம் ஒங்க கம்ப்யூட்டருதானாம். ஒங்க ஆளுங்களக் கேட்டா, தண்ணி ஏறலயே, எதுக்கு ஓட்டணும்ங்கறான்."

வீப்ரன் மடிக்கணினியைச் சைக்கிள் சீட்டில் வைத்துத் திறந்தார். தரவுத்தளத்தில் ஓஸ்டர்ஹோல் வரிசையை எடுத்தார். எண் அவர் கண்முன்னே ஏறியது. சற்று நேரம் கழித்து மறுபடி ஏறியது. மானி சரியாகத்தான் சொல்கிறது. வரிசையில் சரியாகத்தான் விழுகிறது. பக்கத்தில் விழிப்பனின் திரையைத் திறந்தார். பச்சை. மாற்றம் இல்லை.

"இது என்ன, குருடா?" என்றாள் ஆவ்க்யா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"மன்னிக்கணும். பாக்குது. ஆனா எதப் பாக்குதுன்னு தெரியல."

"என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தாரு" என்றாள் அவள்.

போன வாரக் கடைசியில்தான் கோடை நேரம் முடிந்து கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். மானி ஒரு நேரத்திலும் செயலி இன்னொரு நேரத்திலும் ஓடினால், புதிதாக வந்த அளவு பழையதென்று ஒதுக்கப்படலாம். வீப்ரன் முன்பு ஓரிடத்தில் அப்படிப் பார்த்திருக்கிறார். மறுநாள் கூட்டத்தில், இன்னும் சோதிக்கவில்லை, ஒரு சந்தேகம்தான் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, அதைச் சொன்னார்.

அவர் அதுவரை பார்க்காத உற்சாகம் மண்டபத்தில் பரவியது. கடிகாரம்! அதற்கு வாரியம் பொறுப்பாக முடியாது. உடனே கடிகாரத் துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஊழியர்களின் கைக்கடிகாரங்கள் தட்டில் சேகரிக்கப்பட்டு ஒப்பிடப்பட்டன. ஸ்வானென்பர்க் எழுந்து, இந்த நாட்டுக்கு ஒரு பொது நேரம் வருவதற்கு முன்பே வாரியத்துக்குச் சொந்த நேரம் இருந்தது என்றும், அதைக் கைவிட்டதுதான் சரிவின் தொடக்கம் என்றும் பேசினார். சொந்த நேரத்துக்குத் திரும்புவது பற்றி ஆராய இன்னொரு குழு போடப்பட்டது. வீப்ரன் அதற்குள் சோதித்துப் பார்த்து, தன் சந்தேகம் தவறு, எல்லா நேரமும் சரியாகவே இருக்கிறது என்று எழுந்து சொன்னார்.

"மன்னிக்கணும்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"மெனேர்" என்றார் கொர்னேலீன், "குழு அமைச்சாச்சு. இப்ப போயி தப்புன்னா எப்படி?"

கடிகாரத் துணைக்குழு இன்றும் கூடிக்கொண்டிருக்கிறது.

அந்த நாள் முழுக்க அதில் போயிற்று. ஆவ்க்யா இரண்டு தடவை கூப்பிட்டாள். முதல் தடவை திட்டினாள். இரண்டாவது தடவை திட்டவில்லை. அதுதான் வீப்ரனுக்குக் கலக்கமாக இருந்தது.

புதன்கிழமை அவர் விழிப்பனின் நிரலையே திறந்து வரி வரியாகப் படித்தார். மத்தியான வாக்கில் விஷயம் பிடிபட்டது. விழிப்பன் தண்ணீரின் அளவைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வரிசையிலும் கடைசியாக 'மாறிய நேரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் புதிய நேரம் இருந்தால் மட்டும் வரிசையை எடுத்துப் படிக்கும். இல்லாவிட்டால் வரிசையில் என்ன இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. அந்தக் கட்டமோ எல்லா வரிசைகளிலும் போன ஆண்டோடு நின்றிருந்தது.

அடித்தளத்தில் ட்யேர்ட் மதிய உணவில் இருந்தார். வெண்ணெய் தடவிய ரொட்டியின் மேல் சாக்லேட் துருவலைச் சிந்தாமல் பரப்பிக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும் ட்யேர்ட். மாறின நேரத்த எழுதறது யாரு?"

"ட்ரிக்கர். அளவு மாறினா அதுவாவே பக்கத்துக் கட்டத்துல நேரத்த எழுதிடும். சின்ன நிரல்தான், நாலு வரி."

"அது எழுதலயே?"

"எப்படி எழுதும்? அதத்தான் நிறுத்திட்டோமே."

"யாரு நிறுத்தினது?"

"நான்தான்" என்றார் ட்யேர்ட். வாயில் ரொட்டி இருந்ததால் முட்கரண்டியால் சுவரைக் காட்டினார். சட்டமிட்ட பாராட்டுச் சான்று ஒன்று தொங்கியது. ஸ்வானென்பர்க்கின் கையெழுத்து பெரிதாக இருந்தது.

வீப்ரன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"வருஷா வருஷம் அறிக்கைல எத்தன மாற்றம்னு போடணும்" என்றார் ட்யேர்ட். "தண்ணி ஒரு விரக்கடை ஏறினாலும் ஒரு மாற்றம், எறங்கினாலும் ஒரு மாற்றம். ஆயிரக்கணக்குல வந்துச்சு. மேல இருந்து, மூணு வருஷத்துல பாதியாக் கொறைக்கணும்னு இலக்கு. ஆலோசகருங்க வந்தாங்க, பயிலரங்கு வெச்சாங்க, ஒண்ணும் கொறையல. ஒரு நாள் மெஃப்ராவ் ப்லெய் எறங்கி வந்து, இந்த மாற்றத்தையெல்லாம் யாரு உண்டாக்கறதுன்னு கேட்டாங்க. ட்ரிக்கர்னு சொன்னேன். நிறுத்துன்னாங்க. மூணு வருஷ இலக்க ஒரே சாயங்காலத்துல முடிச்சோம்."

"பம்பு ஓடலன்னு ஒருத்தரும் சொல்லலயா?"

"போன வருஷம் எங்கய்யா மழ? கரண்ட்டுச் செலவுகூடக் கொறஞ்சுது. அதுக்குத் தனியா ஒரு கேக் வெட்டினோம்."

"உங்களுக்குத் தெரியும்ல, மழை வந்தா என்ன ஆகும்னு?"

ட்யேர்ட் ரொட்டியைக் கீழே வைத்தார். "தெரியும். எழுதிக்கூடக் குடுத்தேன். மழைங்கறது யூகம்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

வீப்ரன் படியேறிக் கரைக்கோமானின் அறைக்குப் போனார். ஸ்வானென்பர்க் தன் பதவிச் சங்கிலியைப் பட்டுத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், விருதுக்காக. கொர்னேலீனும் அங்கே இருந்தார். வீப்ரன் கண்டுபிடித்ததைச் சொன்னார். சொல்லும்போது, இதைக் கேட்டதும் இவர்கள் பதறி எழுந்துவிடுவார்கள், நாம்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தார்.

"நல்லது" என்றார் ஸ்வானென்பர்க். "அப்ப செயலி சரியாத்தான் இருக்கு."

"மன்னிக்கணும்?"

"மாறின நேரம் இருந்தாத்தான் பாக்கணும்னு அதுக்குச் சொல்லியிருக்கு. இல்ல. பாக்கல. வேற என்ன செய்யணும் அது?"

"ஆனா தண்ணி ஏறிடுச்சே மெனேர்! ட்ரிக்கரப் போட்டா அடுத்த நிமிஷம் பம்பு ஓடும்."

"தண்ணி ஏறலன்னு நான் எப்ப சொன்னேன்? தண்ணி ஏறும், எறங்கும், அது இயற்கை. மாற்றம்ங்கறது நிர்வாகம். இயற்கைக்கு என்னைப் பொறுப்பாக்காதீங்க, என்னால முடியாது. என்னால முடிஞ்ச எடத்துல பாருங்க, ஒரு மாற்றம் உண்டா? என் தாத்தா காலத்துல இருந்துச்சு. அப்பா காலத்துல இருந்துச்சு. என் காலத்துல ஒண்ணு இல்ல."

"ட்ரிக்கரப் போடறதே ஒரு மாற்றம்" என்றார் கொர்னேலீன் குறுக்கிட்டு. "அதுக்கு என் துறையோட ஏற்பு வேணும். கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. அவசியத்தக் காட்டணும். ஏதாவது மாற்றம் பதிவாயிருக்கா?"

"ட்ரிக்கர் இல்லாம எப்படி மெஃப்ராவ் பதிவாகும்?"

"அப்ப அவசியம் இல்லன்னுதானே ஆகுது."

அவர் இதை ஏளனமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தத்தோடு, உதவ முடியவில்லையே என்ற முகத்தோடு சொன்னார். அதுதான் வீப்ரனை என்னமோ செய்தது. தான் பைத்தியமாகிவிட்டோமோ என்று படியிறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை நடுவர்கள் வந்தார்கள். மூன்று பேர், மூவருக்கும் ஒரே மாதிரியான கழுத்துக்குட்டை. மண்டபத்தில் ஆரஞ்சுப் பூச்சுப் பூசிய கேக் வைக்கப்பட்டிருந்தது. ஸ்வானென்பர்க் சங்கிலி அணிந்து நின்றார். வீப்ரன் தர வேண்டிய சான்று அவரைக் கேட்காமலே எழுதி முடிக்கப்பட்டு, அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பேனாவும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் வீப்ரனின் பையில் தொலைபேசி அதிர்ந்தது.

"தம்பி" என்றாள் ஆவ்க்யா. குரல் அடங்கியிருந்தது. "மேடு போயிடுச்சு. வயித்து வரைக்கும் தண்ணி. கறுப்பி வலி எடுத்து நிக்கறா. படகு கொண்டு போனா மெரளுதுங்க. ஒண்ணு நீந்தப் போயி கம்பி வேலில மாட்டிக்கிச்சு. என்ன செய்யட்டும், சொல்லு."

வீப்ரன் வாழ்நாளில் அனுமதியில்லாமல் எதையும் செய்ததில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் ஆளில்லாத சாலையிலும் சைக்கிளை நிறுத்துபவர். அவர் அடித்தளத்துக்கு ஓடினார். ட்யேர்ட் மேலே மட்டம் கூறுவதற்காகப் போயிருந்தார். கணினியைப் பூட்டாமல் போயிருந்தார். மறந்து பூட்டாமல் விட்டாரா வேண்டுமென்றே விட்டாரா என்று பிற்பாடு விசாரணையில் கேட்டபோது, தனக்கு ஞாபகமில்லை என்று ட்யேர்ட் சொல்லிவிட்டார். வீப்ரன் ஒரே ஒரு வரியைத் தட்டினார். வழக்கப்படி "மன்னிக்கணும்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். பொத்தானை அழுத்தினார்.

மேலே நடுவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

"நோர்டர்ஃபார்ட்" என்று ட்யேர்ட் தொடங்கினார்.

"மாற்றம்..." என்று மண்டபம் இழுத்தது. சுவர்த்திரையில் நோர்டர்ஃபார்ட் செம்மஞ்சளாகியிருந்தது. பிறகு ஓஸ்டர்ஹோல். பிறகு ஒவ்வொன்றாக, கடைசியில் மொத்தமாக. வாரியத்தின் எல்லா வாய்க்கால்களும் ஒரே நிமிடத்தில் மாறிவிட்டன. தூரத்துப் பம்பு நிலையங்களின் உறுமல் ஜன்னல் கண்ணாடியில் கேட்டது. என்ன பதில் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு பதில் யாருக்கும் கற்றுத்தரப்படவில்லை. நடுவர்களில் ஒருவர், இது நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்.

"யாரு?" என்றார் ஸ்வானென்பர்க், வெளுத்த முகத்தோடு. "யாரு இத்தனையையும் மாத்தினது?"

பொழுது சாய்வதற்குள் ஓஸ்டர்ஹோல் மேடு தலைகாட்டியது. கறுப்பி அதன் மேல் கன்று போட்டாள். வேலியில் மாட்டிய கிடாரியை ஆவ்க்யா கம்பியை வெட்டி எடுத்தாள். முன்னங்கால் கிழிந்திருந்தது, ஆனால் பிழைத்துக்கொண்டது.

மறுநாள் விசாரணை. கொர்னேலீன் அதைத் தெளிவாகத் தொகுத்துச் சொன்னார். ஓர் ஆண்டாக எந்த மாற்றமும் இல்லை. ஒப்பந்தக்காரர் வந்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். அதே நிமிடம் வாரியம் முழுக்கத் தண்ணீர் உச்சத்துக்கு ஏறியது. இதற்கு மேல் சான்று என்ன வேண்டும்?

சாட்சியாக ஆவ்க்யாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பூட்ஸோடு வந்து கம்பளத்தில் நின்றாள்.

"அதுக்கு முன்னாடியே தண்ணி ஏறிச்சுன்னு சொல்றீங்க" என்றார் கொர்னேலீன். "எந்த முறைல கண்டறிஞ்சீங்க?"

"பாத்தேன்."

"எதுல பாத்தீங்க?"

"கண்ணுல."

"அந்தக் கண்ணு கடைசியா எப்ப அளவு சரிபார்க்கப்பட்டது?"

ஆவ்க்யா வீப்ரன் பக்கம் திரும்பி, "இந்தப் பொம்பள நெசமாவே கேக்குதா?" என்றாள். சாட்சியம் அளவு சரிபார்க்கப்படாதது என்று குறித்துக்கொண்டார்கள். வீப்ரன் வெளியேற்றப்பட்டார். ட்ரிக்கரை உடனே நிறுத்தும்படி ஆணையிடப்பட்டது.

"மெனேர்" என்றார் ட்யேர்ட், "பம்பு ஓடிக்கிட்டிருக்கு. இப்ப நிறுத்தினா, தண்ணி எறங்கறதும் அதுக்குத் தெரியாதே?"

"ட்யேர்ட்" என்றார் ஸ்வானென்பர்க், "யூகம் வேண்டாம்."

ட்யேர்ட் நிறுத்தினார்.

விழிப்பன் கடைசியாகப் பார்த்தபோது தண்ணீர் இன்னும் முழுதாக இறங்கியிருக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வரிசையிலும் மாறிய நேரம் எழுதப்படவில்லை. ஆகவே விழிப்பனைப் பொறுத்தவரை தண்ணீர் இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது. பம்புகள் இரவு பகலாக ஓடின. வயல்கள் வடிந்தன. பிறகு வாய்க்கால்கள் வடிந்தன. படகுவீடுகள் சேற்றில் சாய்ந்து, உள்ளே இருந்தவர்கள் சுவரில் நடந்தார்கள். மின் இணைப்பைத் துண்டிக்கலாமே என்று ட்யேர்ட் கேட்டார். திரையில் தண்ணீர் உயரத்தில் நிற்கும்போது பம்பை நிறுத்தி, வெள்ளம் வந்தால் யார் பொறுப்பு என்று ஸ்வானென்பர்க் கேட்டார்.

அந்தப் பக்கத்தில் வயலுக்கு வேலி என்றால் பெரும்பாலும் வாய்க்கால்தான். வாய்க்கால் வற்றினால் மாட்டுக்கு எல்லை இல்லை. ஞாயிறு காலை ஆவ்க்யாவின் கிடாரிகள் சேற்றைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போயின. அங்கிருந்த மாடுகளையும் சேர்த்துக்கொண்டு அடுத்ததற்குப் போயின. நான்கைந்து பண்ணை மாடுகள் ஒரே மந்தையாகி, திங்கட்கிழமை வாரியத்தின் புல்வெளியில் வந்து நின்று ரோஜாச் செடிகளைத் தின்றன.

கொர்னேலீன் வீப்ரனைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மெனேர் ஹாக்ஸ்மா, ஒரு ஆலோசனை. ட்ரிக்கரப் போட்டு, ஆனா கொறையறத மட்டும் எழுதற மாதிரி செய்ய முடியுமா? ஏறறது எழுத வேண்டாம்."

"முடியும் மெஃப்ராவ்" என்றார் வீப்ரன். "செய்ய மாட்டேன்." மன்னிக்கணும் என்று சொல்லவில்லை என்பதைத் தொலைபேசியை வைத்த பிறகுதான் கவனித்தார். ஆனாலும் மனது கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஆவ்க்யா புல்வெளியில் மாடுகளை மடக்கிக்கொண்டிருந்தாள். பசுக்களுக்கு நடுவே கொர்னேலீன் நின்றிருந்தார். குதிகால் செருப்பு மண்ணில் புதைந்திருந்தது. வாரிய வாசலில் ஓடும் பழைய வாய்க்காலின் விளிம்பு வரை தள்ளாடிப் போய், குனிந்து உள்ளே பார்த்தார். அடியில் சேறு, இரண்டு சைக்கிள், ஒரு வாத்து. நெடுநேரம் பார்த்தார்.

"தண்ணி இல்ல" என்றார் தனக்குள் சொல்வதுபோல.

முதல் மாடியில் ஜன்னல் திறந்தது. "மெஃப்ராவ் ப்லெய்!" என்று ஸ்வானென்பர்க் கூவினார். "எந்த அடிப்படைல சொல்றீங்க?"

கொர்னேலீன் நிமிர்ந்தார். "பாத்துட்டுத்தான் சொல்றேன் மெனேர்." பிறகு வாசலில் நின்றிருந்தவர் பக்கம் திரும்பினார். "ட்யேர்ட், ட்ரிக்கரப் போடுங்க."

ட்யேர்ட் இறங்கிப் போய்ப் போட்டார். பம்புகள் ஒவ்வொன்றாக அடங்கின. பல நாள் கழித்து வந்த அந்த அமைதியில் மாடுகள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. ஆவ்க்யா கொர்னேலீனுக்குக் கை கொடுத்து மண்ணிலிருந்து இழுத்து விட்டாள். வீப்ரன், இந்த வாரியம் இனித் திருந்திவிடும் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினார். நல்ல மனிதர்.

குளிர்காலத் தொடக்கத்தில் ஆவ்க்யா அவரைக் கன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தாள். சமையலறையில் காப்பியும் சர்க்கரை ரொட்டியும் வைத்தாள். டப்பாவை மூடவில்லை. பிறகு வாரியத்திலிருந்து வந்த அறிவிப்பை அவர் முன்னால் தள்ளினாள்.

அண்மை நிகழ்வுகளிலிருந்து வாரியம் பாடம் கற்றுக்கொண்டது என்று அதில் கண்டிருந்தது. நேரில் பார்த்தல் துறை என்று புதிய துறை தொடங்கப்பட்டிருக்கிறது. கொர்னேலீன் ப்லெய் அதன் இயக்குநர். இனி வாய்க்கால்கள் நேரடியாகப் பார்க்கப்படும். பார்ப்பவர்களுக்குப் பயிற்சியும் சான்றும் உண்டு. பார்த்ததைப் பார்த்ததாக ஏற்பதற்குத் தனிக் குழு உண்டு. அக்குழு ஏற்ற பிறகே பம்புகள் ஓட்டப்படும். சான்று பெறாதவர்கள் வாரிய எல்லைக்குள் நீர்நிலைகளைப் பார்ப்பதைக் கூடுமானவரை தவிர்க்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பின்குறிப்பாக, இம்முயற்சிக்கு அமைதி நீர் விருது கிடைத்திருப்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்திருந்தார்கள்.

வெளியே மழை பிடித்தது. சமையலறை ஜன்னலுக்குக் கீழேதான் வாய்க்கால். வீப்ரன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பாக்காத" என்றாள் ஆவ்க்யா. "நீ பயிற்சி எடுக்கல."

அவர் பார்த்தார். அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"பம்பு சத்தம் கேக்குதா?" என்றாள்.

இருவரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள்.